ஃபின்ஸ் அண்ட் திங்ஸ்: பாறை முதுகில் ஜீப் ஓட்டுவது எப்படி?

யூட்டா மாநிலத்து மோவாபுக்கு ஜீப்போடு போகிற பலரும் நேராக ஹெல்ஸ் ரிவெஞ்ச் என்ற பாறைப் பாதைக்குத்தான் ஓடுகிறார்கள். மண்பாதையில் ஓரளவு கை பழகியவர் என்றால், அதே சாண்ட் ஃபிளாட்ஸ் பகுதிக்குள் இருக்கும் ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் பாதையை முதலில் ஓட்டுங்கள். சுமார் 15 கிலோமீட்டர், ஒருவழிப் பாதை, அரை நாள் ஒதுக்கினால் போதும்.

கட்டணம் கட்டி உள்ளே போனதும் டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, ஃபோர் லோவுக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியர்) மாறிக்கொள்ளுங்கள். பாறையில் வெள்ளை பெயிண்டில் டைனோசர் வரைந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஃபின் என்பது நீளமான மணற்கல் முதுகு. காய்ந்திருந்தால் டயரை அப்படிப் பிடிக்கும், பார்க்க ஏறவே முடியாது போலிருக்கும் சரிவில்கூட முதல் கியரில் அலுங்காமல் ஏறிவிடும். ஈரமாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏறினாலும் இறங்கினாலும் நேராக. பயந்துபோய்க் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினால் பக்கவாட்டில் உருளும் ஆபத்து அங்கேதான். பாதியில் இன்ஜின் நின்றுவிட்டதா, பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் போட்டு வந்த வழியே நேராக இறங்குங்கள். நியூட்ரலில் உருளவிடவே கூடாது. உச்சியில் பானட் மறைத்து வானம் மட்டும்தான் தெரியும் என்பதால் ஏறும் முன்பே நடந்துபோய் மறுபக்கம் பார்த்துவிடுங்கள், கூட வந்தவரை அங்கே நிறுத்திக் கைகாட்டச் சொன்னால் இன்னும் நல்லது. இறங்கும்போது வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும்.

இடையிடையே மணல் வரும், அங்கே தயங்கி நிற்காமல் ஒரே சீராகப் போங்கள். ஓரத்தில் கருப்பாக, பொருக்குத் தட்டின மாதிரி மண் இருக்கிறதே, அது நுண்ணுயிர்கள் வாழும், உயிருள்ள மண். ஒரு தடவை டயர் ஏறினால் தேறப் பல வருடங்கள் ஆகும், போட்டோவுக்காகக்கூட அதை மிதிக்காதீர்கள்.

ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கும், அதனால் வசந்தமோ இலையுதிர்காலமோ பாருங்கள். ஈஸ்டர் வாரம் மட்டும் வேண்டாம், 1967 முதல் நடக்கும் ஜீப் சஃபாரிக் கூட்டத்தில் ஒவ்வொரு ஏற்றத்திலும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அப்புறம், ஏர் கம்ப்ரெசரை மறக்காதீர்கள்: காற்று இறங்கின டயரோடு தார் ரோட்டில் வேகம் எடுத்தால் சூடேறிக் கிழியும், ஊருக்குத் திரும்பும் முன் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.