கெல்ஸ் நூலைத் திரைப்படம் காட்டி நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப இடைக்கால ஐரோப்பியக் கலையை முதன்முறை நடத்த வரும் ஆசிரியர்கள் பலர் 2009-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ அனிமேஷன் படத்தோடு வருகிறார்கள். இடைக்காலத் துறவிகள் கையால் எழுதி ஓவியம் தீட்டிய கெல்ஸ் நூல் உருவானதைக் கற்பனை கலந்து சொல்லும் படம் அது. நல்ல தேர்வுதான். ஆனால் எல்லோரும் ஒரே இடங்களில் சறுக்குவதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

படத்தை முதலில் போடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு வகுப்பில் படம் முடிந்ததும் அந்த நூலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “மந்திரம்” என்றாள் ஒரு மாணவி. அவளைக் குறை சொல்ல முடியாது. அது நான்கு நற்செய்திகள் அடங்கிய லத்தீன் நூல் என்பதைப் படம் அநேகமாகப் பேசுவதே இல்லை.

அப்புறம் கை-ரோ பக்கத்தைக் காட்டினால், படத்தின் கடைசிக் காட்சியில் சுழன்று விரிந்த அதே சுருள்களைத்தான் தேடுகிறார்கள். அது எழுத்து என்பதே கண்ணில் படுவதில்லை. கை, ரோ, அயோட்டா என்ற மூன்று கிரேக்க எழுத்துகள் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கின்றன. மத்தேயு முதல் அதிகாரத்தில் அவர் பிறப்பைச் சொல்லத் தொடங்கும் இடம் அது. அந்தப் பெயருக்காகத்தான் பக்கம் முழுவதையும் கொடுத்திருக்கிறார்கள். இது புரியாமல் அலங்காரத்தை மட்டும் வரையச் சொன்னால் வருவது கோலம்தான், கெல்ஸ் அல்ல.

அதனால் பக்கத்தை முதலில் கொடுங்கள், அசல் அளவிலேயே. சுமார் 33-க்கு 25 செ.மீ., ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரியது. பேசாமல் பார்க்க விடுங்கள். அடிப்பகுதியில் பூனைகள் பார்த்திருக்க எலிகள் ஒரு வட்ட அப்பத்தைக் கடிப்பதையும், பக்கத்தில் நீர்நாய் மீனைக் கவ்வியிருப்பதையும் யாராவது கண்டுபிடிப்பார்கள். படத்தில் கேமராவே நம்மை அழைத்துப் போய்விடும். இங்கே கண்தான் நடக்க வேண்டும். அந்தப் பழக்கம் வந்தபின் படத்தைப் போட்டால், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

மாசிக்காயில் பச்சை மை

படத்தில் சிறுவன் காட்டுக்குள் போய் மாசிக்காய் கொண்டுவர, பச்சை மை பிறக்கிறது. உண்மையில் மாசிக்காயை இரும்பு உப்போடு சேர்த்தால் கிடைப்பது கரும்பழுப்பு எழுத்து மை. பச்சை, செம்பிலிருந்து வந்தது. சிவப்பு, ஈயச் செந்தூரம். நீலம் ஆப்கானிஸ்தானின் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். நூல் இன்று இருக்கும் டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தின் சோதனைகளில் அது அகப்படவில்லை, செடியிலிருந்து எடுத்த நீலச் சாயம்தான் இருந்தது.

தங்க நிற போஸ்டர் கலர்

வேண்டாம். நூலில் பொன்போலத் தெரியும் மஞ்சள், அரிதாரம் என்ற கனிமத்தின் நிறம்.

ஒரு சிறுவன் முடித்த நூல்

அது கதை. குறைந்தது மூன்று எழுத்தர்களின் கையை ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கெல்ஸில் பிறந்தது என்று அடித்துச் சொல்வது

806-இல் வைக்கிங்குகள் ஸ்காட்லாந்தை ஒட்டிய ஐயோனா தீவு மடத்தில் 68 பேரைக் கொன்றார்கள். அதன்பின்தான் அயர்லாந்தின் கெல்ஸில் மடம் எழுந்தது. நூல் ஐயோனாவில் தொடங்கியதா கெல்ஸிலா என்பதில் இன்னும் முடிவில்லை. 1007-இல் அது திருடுபோய், பொன் அட்டை பறிபோன நிலையில் மண்ணுக்கடியில் கிடைத்த செய்தியை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. இதையும் வகுப்பில் சொல்லுங்கள், படத்தில் இல்லை.