கூகுள் கணக்குக்கு இரண்டாவது பூட்டு
இணையத்தில் எழுதுபவரின் மின்னஞ்சல், படங்கள், வரைவுகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே கூகுள் கணக்கில் இருப்பதால், முதலில் அதன் பாதுகாப்புப் பக்கத்தில், கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, 30 விநாடிக்கு ஒருமுறை புதிய எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலியே மேல். உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால், குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். பலரும் செய்யாமல் விடும் வேலை இனிமேல்தான் வருகிறது. அதே பக்கத்தில் காப்பு எண்களைக் கேட்டால், எட்டு இலக்கம் கொண்ட 10 எண்கள் கிடைக்கும்; ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். கைபேசி தொலைந்த நாளில் உதவ வேண்டிய அவற்றை அந்தக் கைபேசியிலேயே படமாக வைத்திருப்பதில் பயனில்லை. தாளில் அச்சிட்டு, பாஸ்போர்ட் இருக்கும் கோப்பில் வையுங்கள். புதிய எண்களை வாங்கியதும் பழையவை செல்லாதவை ஆகிவிடுவதால், பழைய தாளை அன்றே கிழித்துவிடுங்கள்.