ராணுவத் தளவாடக் கொள்முதல்: சீர்திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத்துக்குத் தளவாடம் வாங்கும் முறையைத் திருத்த வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஊழல்தான். நியாயமும்கூட. ஆனால் லஞ்சத்தைத் தடுப்பதிலேயே கண்ணாக இருந்துவிட்டு, தாமதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டோம். சிப்பாய் கைக்கு ஆயுதம் போய்ச் சேராத ஒவ்வொரு வருடமும் நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பல கொள்முதல்கள் டெண்டர் விடும் முன்பே, தேவைப்பட்டியல் எழுதும் மேசையிலேயே தோற்றுவிடுகின்றன. 2011இல் புதிய துப்பாக்கிகளுக்கு டெண்டர் விட்டார்கள். ஒரே துப்பாக்கியில் குழலை மாற்றிப் போட்டால் 5.56 மி.மீ. தோட்டாவும் சுட வேண்டும், 7.62 மி.மீ. தோட்டாவும் சுட வேண்டும் என்பது நிபந்தனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2015இல் டெண்டர் ரத்தானது. கடைசியில் 2019இல், குழல் மாற்றும் ஆசையெல்லாம் இல்லாத 72,400 துப்பாக்கிகளை அமெரிக்க நிறுவனத்திடமிருந்து அவசரக் கொள்முதலாக வாங்கினோம். எது இல்லாமல் முடியாது, எது இருந்தால் நல்லது என்று முதலிலேயே பிரித்து எழுதியிருந்தால் இத்தனை வருடம் போயிருக்காது.

நடுவழியில் தேவையை மாற்றுவது இன்னும் மோசம். ஆவடியின் அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. வடிவமைப்பு நடக்க நடக்க ராணுவத்தின் எதிர்பார்ப்பும் மாறிக்கொண்டே போனது. உருவாக்கியவர்கள் பக்கமும் குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 124 டாங்கிகளுக்கு ஆர்டர் வந்தபோது 2000 ஆகிவிட்டது. அடுத்து மார்க்-1ஏ ரகத்தில் 118 டாங்கிகளுக்கு, 7,523 கோடி ரூபாய்க்கு, ஆர்டர் வந்தது 2021 செப்டம்பரில்.

இப்படி விட்டு விட்டு வரும் ஆர்டர், பாகம் செய்துகொடுக்கும் அம்பத்தூர் பட்டறையை என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு பாகத்துக்கு அதைப் பிடித்து வைக்கவும் அளக்கவும் ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ் எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும். முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பி, திருப்பி வந்தால் மறுபடி கடைந்து, பாஸ் வாங்க வேண்டும். அந்த வேலை கைவந்த டர்னரை (கடைசல்காரரை) தக்கவைக்க வேண்டும். ஆர்டர் நின்றால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், மெஷின் கார் பாகத்துக்கு மாறிவிடும். பல வருடம் கழித்து அதே பாகத்துக்கு டெண்டர் வரும்போது எல்லாம் முதலிலிருந்து. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அது தவறினால் பேங்க் வட்டியைப் பட்டறைக்காரர்தான் கட்டுகிறார்.

2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகள் ஆக்கினார்கள். அதில் ஒன்றின் தலைமையகம் ஆவடி. நிர்வாகத்துக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் ஆர்டர் வரும் விதம் மாறாமல் அமைப்பை மட்டும் மாற்றுவதைச் சீர்திருத்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது, பேச வேண்டியதை டெண்டருக்குப் பிறகு பேசுவது. 126 போர் விமானங்களுக்கு 2007இல் டெண்டர் விட்டு, 2012 ஜனவரியில் ரஃபேலைக் குறைந்த விலைக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவில் தயாராகும் விமானங்களுக்கு யார் பொறுப்பேற்பது என்ற பேச்சு அதன்பின் இழுத்துக்கொண்டே போனது. 2015இல் திட்டம் கைவிடப்பட்டு, 2016இல் 36 விமானங்களுக்கு மட்டும் ஒப்பந்தமானது. எல்-1, அதாவது குறைந்த விலைக்காரர், யார் என்று அறிவிக்கும் முன்பே தீர்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

லஞ்சப் புகார் வந்த கம்பெனியைத் தடைப்பட்டியலில் போட்டு ஒதுக்குவதும் அப்படித்தான். லஞ்சம் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் தண்டனை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் 1986இல் 410 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்கி, மறு வருடமே புகார் வெடித்தபின், வெளிநாட்டிலிருந்து அடுத்த பெரிய பீரங்கி ஒப்பந்தம் (145 எம்-777) 2016இல்தான் வந்தது. நடுவில் கார்கில் போரே நடந்து முடிந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதுபோல, கம்பெனி மேலுள்ள கோபத்தில் படையை வெறுங்கையோடு விடக் கூடாது. அபராதம் போடலாம், பணத்தைத் திரும்ப வசூலிக்கலாம், சம்பந்தப்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பலாம்.

இந்தத் தவறுகளுக்கெல்லாம் அடியில் கோப்புப் பயம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு முடிவெடுத்து அது தவறிப்போன அதிகாரியைத் தணிக்கையும் விசாரணையும் பல வருடம் துரத்தும். ‘மேலும் விளக்கம் தேவை’ என்று எழுதி ஆறு மாதம் தள்ளிப்போட்டவரை யாரும் கேட்பதில்லை. அப்படியிருந்தால் எந்த அதிகாரி துணிந்து கையெழுத்துப் போடுவார்? ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தேதி, தேதி தவறினால் பதில் சொல்ல ஒரு பெயர் என்று இல்லாத சீர்திருத்தத்தை நான் நம்பமாட்டேன்.

2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் கையேடு, உள்நாட்டில் உருவாக்கும் பொருளுக்கு ஐந்து வருடம் வரை ஆர்டர் உறுதி தரலாம் என்கிறது. உருவாக்கும் கட்டத்தில் தாமத அபராதமும் இல்லை. மனமார வரவேற்கிறேன். ஆனால் அது உதிரிபாகம், பழுதுபார்ப்பு போன்ற அன்றாடச் செலவுகளுக்கான கையேடு. டாங்கி, விமானம் போன்ற பெரிய கொள்முதல்கள் வேறு விதிகளில் நடக்கின்றன. அங்கேயும் அந்த உறுதி வர வேண்டும். 118 டாங்கிகள் முடிந்ததும் ஆவடிக்கு அடுத்த ஆர்டர் என்ன என்பதை வேலை நடக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.