பழைய இழைப்புளியும் உளியும்: வாங்குவது, தீட்டுவது, வைத்துக்கொள்வது

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பழைய தச்சுச் சாமான்கள் இன்னும் கைக்குக் கிடைக்கின்றன. தோட்டத்துப் பட்டறை மூடியபோது வெளியே வந்தவை சில. லயத்து வீட்டின் பின்கட்டில் சாக்கில் சுற்றிக் கிடந்தவை சில. மிச்சம் பழைய இரும்புக் கடையிலும் ஈப்போவின் பழஞ்சாமான் சந்தையான பசார் காராட்டிலும் இருக்கும். காராட் என்றால் மலாயில் துரு என்று அர்த்தம். அந்தப் பெயருக்குப் பயந்து எதையும் ஒதுக்க வேண்டாம். மேலே படிந்த செந்துரு அரை நாள் வேலை. ஆனால் துரு எந்த இடத்தைத் தின்றிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே காசை எடுக்க வேண்டும்.

இழைப்புளியோ உளியோ, கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒன்று சாய்வு, மற்றொன்று தட்டையான முதுகு. வாங்குகிறவர்கள் எல்லாரும் சாய்வைப் பார்ப்பார்கள். நீங்கள் முதுகைப் பாருங்கள். முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை துரு தின்ற குழிகள் இருந்தால், தீட்டும்போது அந்தக் குழி விளிம்புக்கு வந்து சேரும். அங்கே கூர் நிற்காது, மரத்தில் கோடு விழும். ஊசிமுனை அளவுக் குழி என்றால் தேய்த்து எடுத்துவிடலாம். நகம் மாட்டும் அளவு ஆழமான குழி என்றால் விட்டுவிடுங்கள்.

இழைப்புளியில் அடுத்துப் பார்க்க வேண்டியது அலகில் மிச்சமிருக்கும் இரும்பு. நடுவிலுள்ள நீள்துளைக்கும் முனைக்கும் இடையே ஒரு அங்குலம் இருந்தால் பல வருடம் ஓடும். பிறகு உடம்பு. அலகு நீட்டும் வாயின் மூலைகளிலும் பக்கச் சுவர்களிலும் டார்ச் அடித்து முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பாகங்களைக் கழற்ற விட்டால், வெறும் உடம்பை ஒரு விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய ஸ்டான்லி கம்பெனி இழைப்புளியின் மரைகள் வழக்கமான அளவு அல்ல. தொலைந்ததற்கு மாற்று சாதாரண ஹார்ட்வேர் கடையில் கிடைக்காது. பெரும்பாலும் இன்னொரு உடைந்த இழைப்புளியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் வாங்க ஸ்டான்லியின் எண் 4 இழைப்புளி போதும். நீளம் ஏறக்குறைய ஒன்பதரை அங்குலம், அலகு இரண்டு அங்குலம். அதோடு பதினான்கு அங்குல எண் 5 கிடைத்தால் வீட்டு வேலை முழுவதும் முடியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1931 முதல் இழைப்புளி செய்த ரெக்கார்ட் கம்பெனியின் சாமானும் ஸ்டான்லிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. உளிகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று பொறித்திருந்தால் வார்ப்பிரும்பு என்று எண்ணி ஒதுக்க வேண்டாம். 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் ஷெஃபீல்டில் உருவாக்கிய முறைப்படி மூசையில் உருக்கிய எஃகு அது. கூர் அருமையாக ஏறும். பிடி உடைந்திருந்தால் பேரம் பேச அது நல்ல காரணம், வாங்காமல் விட அல்ல.

துரு நீக்க, கலப்பில்லாத வெள்ளை வினிகரில் அலகையும் உளியையும் முழுக்க மூழ்கவையுங்கள். இரவு வைத்துக் காலையில் எடுத்தால் பெரும்பாலும் போதும். இருபத்து நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் நல்ல இரும்பையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கும். எஃகுப் பஞ்சால் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடா உப்பு கலந்து அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசுங்கள். இந்த ஈரக்காற்றில் 'அப்புறம் பூசலாம்' என்று விட்டால் ஒரு மணி நேரத்தில் மஞ்சள் துரு திரும்பிவிடும். இழைப்புளி உடம்பை மட்டும் வினிகரில் போடாதீர்கள், கறுப்புப் பூச்சு உரியக்கூடும். அதற்கு மண்ணெண்ணெயும் எஃகுப் பஞ்சும் போதும்.

இனி முதுகைச் சமப்படுத்துவது. தடித்த கண்ணாடித் துண்டு அல்லது வழுவழுப்பான கிரானைட் ஓடு ஒன்றின் மேல் தண்ணீர் தெளித்து, ஈரத்தில் தேய்க்கும் மணல்தாளை ஒட்டுங்கள். 120 எண் தாளில் தொடங்கி 220, 400, 800, 1200 என்று நுணுக்கமான தாளுக்கு ஏறுங்கள். முதுகில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேய்த்தால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது தெரியும். முனையை ஒட்டிய ஒரு அங்குலம் மட்டும் சமமானால் போதும். விரல் அழுத்தம் முனைக்கு அருகில் இருக்கட்டும். பிடிப்பக்கம் தூக்கினால் முனை உருண்டுவிடும். அதைத் திருத்த முதலில் செய்த வேலையைவிட இரண்டு மடங்கு ஆகும். 120இல் கோடுகள் முழுதும் மறையும் முன் 220க்குத் தாவினால் ஆழக்கீறல் கடைசி வரை நிற்கும். பலர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். ஆனால் இது ஒரு அலகுக்கு ஒரே ஒரு முறை செய்யும் வேலை.

சாய்வுக்கு 25 பாகை. கோணமானி இல்லாமலே அளக்கலாம்: அலகின் கனத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேலாகச் சாய்வின் நீளம் இருந்தால் 25 பாகை, சரியாக இரண்டு மடங்கு என்றால் 30. ஸ்டான்லி அலகு ஏறத்தாழ 2 மி.மீ. கனம், ஆக, சாய்வு 5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். மின்சாணையில் பிடித்தால் இரண்டு மூன்று விநாடிக்கொரு முறை தண்ணீரில் நனையுங்கள். முனை நீலமாகிவிட்டால் பதம் போய்விட்டது. நீலம் உள்ள பகுதி முழுவதையும் தேய்த்து அகற்றினால்தான் மறுபடி கூர் நிற்கும். கையுறை போடாமல் வெறும் விரலால் பிடியுங்கள். விரல் தாங்காத சூடு வந்தால் உடனே நனையுங்கள்.

சாய்வு முழுவதையும் மினுக்க வேண்டியதில்லை. அலகை ஐந்து பாகை கூடத் தூக்கி, 1000 எண் தீட்டுகல்லில் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். முதுகுப்பக்கம் கட்டைவிரலை முனையை நோக்கிக் குறுக்காக வருடினால் ஒரு பிசிறு தட்டுப்பட வேண்டும், மூலைக்கு மூலை. பிசிறு வராத இடத்தில் கல் இன்னும் விளிம்பைத் தொடவில்லை. ரப்பர் பால்வெட்டும் கத்தியைத் தீட்டிப் பழகிய கைகளுக்கு இந்தப் பிசிறு புதிதல்ல. பிறகு இன்னும் நுணுக்கமான 6000 கல்லில் அதேபோல், கடைசியாக முதுகைக் கல்லில் தட்டையாக வைத்து நான்கைந்து இழுப்பு. தோல்பட்டையில் மெருகுப்பசை தடவிப் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிறும் உதிரும். விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் காட்டுங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே மழுக்கம் இருக்கிறது, கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. மென்மையான மரத்தின் வெட்டுமுகத்தைச் சீவிப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. நார் நசுங்காமல் பளபளப்பாக வெட்ட வேண்டும்.

கல்லும் குழியாகும். குழிந்த கல்லில் நேரான கூர் வராது. சில அலகுகள் தீட்டியதும் 220 மணல்தாளைக் கண்ணாடியில் வைத்துக் கல்லைச் சமப்படுத்துங்கள்.

இழைப்புளியில் அலகின் மேல் உட்காரும் மேல்தகட்டை யாரும் கவனிப்பதில்லை. நார் பெயர்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். அதன் முன்விளிம்பு அலகோடு வெளிச்சம் ஊடுருவாமல் ஒட்ட வேண்டும். சந்து இருந்தால் சீவல் உள்ளே போய் அடைக்கும். சாதாரண வேலைக்கு விளிம்பிலிருந்து அரை மி.மீ. பின்னால் வையுங்கள். மெராந்தி மரத்தில் நார் மாறி மாறிப் பின்னியிருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஓரிடத்தில் பெயரும். அதற்கு மேல்தகட்டை 0.2 மி.மீ. அளவுக்கு நெருக்கி, சீவலை மெல்லியதாக எடுங்கள். தள்ளக் கனமாக இருக்கும், ஆனால் முகம் சுத்தமாக வரும். அடிப்பாகத்தில் மெழுகுவர்த்தியை இரண்டு கோடு தேய்த்தால் அந்தக் கனமும் குறையும்.

செங்கால் மரத்துக்கு உளியின் முனைச்சாய்வை 35 பாகைவரை ஏற்றலாம். 25இல் விளிம்பு நறுக்கென்று உடையும். கெருயிங்கில் மணல்சத்து உண்டு, கூர் சீக்கிரம் மழுங்கும். மெர்பாவின் ஈரச்சாறு இரும்பில் பட்டால் மரமும் கறுக்கும், சாமானும் கறை பிடிக்கும். வேலை முடிந்ததும் துடையுங்கள். ரப்பர் மரம் இழைக்க நல்லது, தொல்லை இல்லை.

ரம்பத்தை வாங்கும்போது பற்களின் ஓரத்தை நீளவாக்கில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வில்போல் வளைந்தது கையாலேயே நிமிரும், முறிந்து மடிந்தது சுலபத்தில் நிமிராது. தீட்ட முக்கோண அரம். முதலில் தட்டை அரத்தைப் பல்முனைகள் மேல் ஓட்டி எல்லாப் பற்களையும் ஒரே உயரமாக்குங்கள். நீளவாக்கில் அறுக்கும் ரம்பத்துக்கு அரம் நேர்க்குறுக்காக. குறுக்கே அறுப்பதற்கு ஏறக்குறைய 20 பாகை சரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக, பிறகு மறுபக்கம் திரும்பி மிச்சத்தை. அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பின்னிழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அரத்தின் பல் மழுங்கும்.

சேகரிக்க ஆசையிருந்தால் பொறிப்புகளைத் தேய்க்காதீர்கள். ரம்பத்தின் பக்கத்தில் அமிலத்தால் பதித்த கம்பெனிப் பெயர் மணல்தாள் ஓரிரு முறை பட்டாலே போய்விடும். அதோடு மதிப்பும் போகும். பிடியில் வெட்டியிருக்கும் பழைய தச்சரின் இனிஷியலையும், பிரிட்டிஷ் அரசுச் சொத்தைக் காட்டும் அம்பு முத்திரையையும் அப்படியே விடுங்கள். ஐந்தரை அங்குல ஸ்டான்லி எண் 1 என்று யாராவது அதிக விலை சொன்னால் அவசரப்படாதீர்கள், அதற்குப் போலிகள் உண்டு.

வைக்கும் இடம்: சிமெண்டுத் தரையில் பெட்டி உட்காரக் கூடாது, கட்டை வைத்து உயர்த்துங்கள். சமையல் எண்ணெய் நாளானால் பிசுபிசுத்துக் கெட்டியாகும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவினால் போதும். வியர்வை பட்ட விரல்ரேகை மறுநாளே துருவாகத் தெரியும் என்பதால் கை பட்ட எல்லா இடத்தையும் துடைத்துவிட்டு மூடுங்கள். பெட்டியில் சிலர் கற்பூரம் போடுவார்கள். போடலாம், ஆனால் அதை நம்பி எண்ணெயை விடக்கூடாது. மழை மாதங்களில் வாரம் ஒரு முறை பெட்டியைத் திறந்து முனைகளை மட்டுமாவது பாருங்கள்.