வம்ச வரிசையில் வேலைக்காரரைத் தேடி வாசிப்பது எப்படி

எங்கள் வீட்டுக்கூட்டத்தில் வேதாகமத்தின் 1 நாளாகமம் வந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "முதல் ஒன்பது அதிகாரமும் பெயர்தானே, பத்துக்குப் போவம்." மானிப்பாயில் ஞாயிறு பாடசாலை எடுத்த காலமெல்லாம் நானும் அப்படித்தான் தாண்டினேன். இப்போது அந்த ஒன்பதுக்கென்றே ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் அதிகாரத்தில் தொடங்குங்கள். 34 முதல் 41 வரை, எட்டு வசனம். சத்தமாக வாசியுங்கள், கண்ணால் ஓடினால் யர்கா தப்பிவிடுவான். சேசானுக்குப் பெண்பிள்ளைகள்தான், ஆண்பிள்ளை இல்லை. வீட்டில் யர்கா என்ற எகிப்திய வேலைக்காரன் இருக்கிறான். மகளை அவனுக்கே கட்டிக்கொடுக்கிறார். அத்தாயி பிறக்கிறான். எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்தவர்களின் பரம்பரையில், இப்போது எகிப்தியன் வேலைக்காரன்!

இனி யர்காவை மேலே எழுதி, அவனுக்குக் கீழே அத்தாயி முதல் எலிஷாமா வரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அவனுக்குக் கீழே 13 பெயர் வரும். எழுதி முடித்ததும் மேலே உள்ள யர்காவை விரலால் மறைத்துப் பாருங்கள். அந்த 13 பேருக்கும் தகப்பன்வழி இல்லை. யூதா கோத்திரத்தின் ஒரு கிளை அவனில்தான் தொங்குகிறது. ஆனால் அவன் பெயர் இரண்டே வசனத்தில்தான்.

31ஆம் வசனத்தில் சேசானின் பிள்ளை அக்லாய் என்று இருக்கும். குழம்ப வேண்டாம். அக்லாய்தான் அந்த மகளோ என்று நினைப்பவர்கள் உண்டு. பென்சிலால் குறித்து வையுங்கள், பேனாவால் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் தானாக வாயில் வரும்: "யர்காவைப் போல் தாழ்மையாயிரு, கர்த்தர் உயர்த்துவார்." அதை விழுங்கிவிடுங்கள். அவன் தாழ்மையானவன் என்று வசனம் சொல்லவில்லை. அவனிடமோ அந்த மகளிடமோ விருப்பம் கேட்டதாகவும் இல்லை. வேலைக்காரருக்குத் தாழ்மை போதிப்பது எசமானுக்குச் சுகமான பிரசங்கம், நம் ஊரில் அதை நிறையக் கேட்டாயிற்று.

பிறகு ஆதியாகமம் 46. சில்பாள் வழி 16 பேர், பில்காள் வழி 7 பேர். இருவரும் யாக்கோபின் மாமனார் லாபான் தன் மகள்மாருக்குக் கொடுத்த பணிவிடைக்காரிகள். எகிப்துக்குப் போன யாக்கோபின் வீட்டார் 70 பேரில் 23 பேர் அவர்கள் கணக்கு.

கடைசியாக, உங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தைத் திறவுங்கள். எங்களுடையதில் அப்பப்பாவின் கையெழுத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் இருக்கிறது. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வில் அந்த வேதாகமத்தை உரப்பையில் சுற்றி, நாவற்குழிப் பாலம் தாண்டித் தலையில் சுமந்தது எங்கள் குசினியில் வேலை செய்த ஆச்சி. அவவுக்குத் தேத்தண்ணி தனிப் பேணியில். அது குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்தப் பக்கத்தில் அவ இல்லை. இத்தனைக்கும் நாங்கள் கூப்பிட்ட "ஆச்சி" தவிர அவவின் பெயரே எனக்குத் தெரியாது. பெரிய மாமியிடம் கேட்டேன், அவவுக்கும் தெரியவில்லை.

அந்தப் பேணியின் நெளிவு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு மாலைக்கு ஒரு அதிகாரம் போதும். அடுத்தது எஸ்றா 2. ஆலய வேலைக்காரரான நிதனீமியரும் சாலொமோனின் வேலைக்காரர் பிள்ளைகளும் சேர்த்து 392 பேர், தகப்பன் பெயர்களோடு. கொப்பியில் நாலு பக்கம் விட்டு வையுங்கள்.