ஃப்ளூ வைரஸ் எப்படி மாறுகிறது: மைதானத்தில் ஓடி விளையாடும் பாடம்

வைரஸ் உருமாறுகிறது என்று படித்த பிள்ளைகளிடம் ஏன் மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "தப்பிக்கத்தான் சார்" என்பார்கள். வைரஸுக்கு அப்படி ஒரு திட்டமும் கிடையாது. நகலெடுக்கும்போது பிழை விழுகிறது, அந்தப் பிழையோடு பிழைத்துக்கொண்டது பரவுகிறது, அவ்வளவுதான். இதைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைப்பது கஷ்டம், பிழையை அவர்களே கையால் செய்ய வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல், 40 பேர் வரை ஆடலாம். பி.டி. பீரியடையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்ஃபுளுவென்சா ஏ வைரஸின் மரபணுக்கள் 8 தனித்தனி ஆர்என்ஏ துண்டுகளில் இருக்கின்றன, அதனால் 8 சீட்டு போதும். 1 முதல் 8 வரை எண் போட்டு, ஒவ்வொன்றிலும் ஆர்என்ஏவின் ஏ, யு, ஜி, சி எழுத்துகளைக் கலந்து 12 எழுத்து எழுதுங்கள். சிவப்பு மையில் ஒரு செட், வேறு எழுத்து வரிசையோடு நீல மையில் ஒரு செட். நிஜ வைரஸில் 4-ஆம் துண்டு செல்லில் ஒட்ட உதவும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்துக்கும், 6-ஆம் துண்டு வெளியேற உதவும் நியூராமினிடேஸ் என்ற புரதத்துக்கும் உரியவை. எச்1என்1 என்ற ஃப்ளூ வகையின் பெயரில் உள்ள எச், என் இவைதான். இவை வைரஸின் மேற்பரப்பில் இருப்பதால் இந்த இரண்டு சீட்டையும் வைரஸாக ஓடுபவர் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும், மற்றவை பாக்கெட்டில்.

தரையில் வட்டங்கள் போட்டு வட்டத்துக்கு நான்கு பேரை நிறுத்துங்கள், ஒவ்வொரு வட்டமும் ஒரு செல். சிவப்பு வைரஸ் ஓடிவந்து உள்ளே நுழைந்ததும் நால்வரும் சேர்ந்து எட்டுச் சீட்டையும் இரண்டு நகல் எடுக்க வேண்டும், ஒரே நிமிடம்தான், விசில் அடித்ததும் பேனாவை வைத்துவிட வேண்டும். எழுதியதைத் திருத்தக் கூடாது. ஃப்ளூவின் நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வேலை தெரியாது, அதனால் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் இந்த விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். எழுத்து விட்டுப்போன நகல் செத்த வைரஸ். மீதி நகலோடு வட்டத்திலிருந்து ஆளுக்கொரு வைரஸாக வெளியே ஓடுவார்கள், அந்தச் செல் முடிந்தது, மற்றவர்கள் உட்கார்ந்துவிடலாம்.

ஐந்து பேர் எதிர்ப்பொருள், அதாவது வைரஸை அடையாளம் கண்டு பிடிக்க உடல் உருவாக்கும் புரதம். அவர்கள் கையில் முதல் சிவப்பு 4-ஆம் சீட்டின் வரிசை இருக்கும். துரத்திப் பிடித்து, சட்டையில் உள்ளதோடு ஒப்பிட்டு, அப்படியே பொருந்தினால் அவுட், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விட்டுவிட வேண்டும். (நிஜத்தில் ஒரே மாற்றம் போதாமலும் போகலாம், ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிடுங்கள்.) சில சுற்றுகளில் பார்த்தால், ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் 4-ஆம் சீட்டில் பிழை உள்ளவையாக இருக்கும். அந்தப் பிழையை யாரும் வேண்டுமென்று செய்யவில்லையே, அதை அப்போதே கேளுங்கள்.

அப்புறம் பன்றி வட்டம், மனித வைரஸும் பறவை வைரஸும் பன்றியின் செல்லுக்குள் சேர்ந்து நுழைய முடியும் என்பதால். சிவப்பு மனித வைரஸ், நீலம் பறவை வைரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் நீலமும் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைய வேண்டும். இரண்டின் நகல்களையும் எண்வாரியாகக் குவித்து, கண்ணை மூடி எண்ணுக்கு ஒன்றாக எடுத்தால் புது வைரஸ். மொத்தம் 256 விதமாக வரலாம், கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். 2, 4, 6 மட்டும் நீலமாக, மற்றவை சிவப்பாக அடுக்கிக் காட்டுங்கள்: 1957-இல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூ, மனித வைரஸ் இந்த மூன்று துண்டுகளைப் பறவை வைரஸிலிருந்து பெற்றதால் வந்தது. 2009-இல் பரவியதில் பன்றி, பறவை, மனித வைரஸ் மூன்றின் துண்டுகளும் கலந்திருந்தன.

கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். எழுதப்பட்ட 4-ஆம் சீட்டுகளையெல்லாம் தரையில் பரப்பி, ஒரே பிழை உள்ளவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பிழை எந்த வட்டத்தில் முதலில் விழுந்தது, அங்கிருந்து யார் யாருக்குப் போனது என்று கோடு இழுத்தால் வைரஸின் வம்சாவளி தரையிலேயே வந்துவிடும். நோய் எங்கிருந்து எங்கே பரவியது என்று ஆய்வகங்களில் கண்டுபிடிப்பதும் இதே முறையில்தான்.