இராமேசுவரப் பயணத்தில் பாம்பனைக் கடப்பது எப்படி: ரயிலா, சாலையா?

ஒரு பாலம் எத்தனை நாளில் எழுந்தது என்ற செய்தி நம்மை எளிதில் ஈர்த்துவிடுகிறது. ஆனால் பயணத்தைத் திட்டமிடுபவர், அந்த வேகம் எதனால் கைகூடியது என்பதையே முதலில் கேட்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில், இராமேசுவரம் தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்திரங்கள் கடலுக்குள் விழுந்தபோது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் அதைச் சீரமைத்தார். அந்த அரிய சாதனைக்குத் தூண்கள் பெரும்பாலும் நிலைத்து நின்றதும், கடலில் கிடந்த உத்திரங்களை மீனவர்களின் துணையோடு மீட்டு மீண்டும் பயன்படுத்த முடிந்ததும் காரணங்களாக அமைந்தன. கடலில் புதிதாக அடித்தளம் போட்டுத் தொடங்கும் பணிக்கு அதே வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

இதற்குப் பழையதன் அருகில் கட்டப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலமே சான்று. 2020-இல் பணி தொடங்கி, 2021-க்குள் முடிக்கத் திட்டமிடப்பட்ட அது, 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டது. இடையில், 1914 முதல் இயங்கிவந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதால், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்கள் தீவுக்குள் செல்லவில்லை. பயணிகள் நிலப்பகுதியிலேயே இறங்கி, 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் வழியாகத் தீவுக்குச் சென்றனர். ஆகவே, எந்தப் பாலத்துக்கும் அறிவிக்கப்பட்ட திறப்பு நாளை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள். ரயில்கள் ஓடத் தொடங்கிய பிறகு செய்யுங்கள்.

இன்று இரு வழிகளும் உள்ளன. முன்பதிவின்போது ரயில் இராமேசுவரம் வரை செல்கிறதா, நிலப்பகுதியிலுள்ள மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். மதுரையிலிருந்து செல்வோருக்குப் பேருந்து எளிது. சென்னை போன்ற தொலைவிலிருந்து வருவோருக்கும் முதியோருக்கும் ரயிலே வசதி. இரண்டையும் அனுபவிக்க விரும்பினால், போகும்போது ரயிலையும் திரும்பும்போது பேருந்தையும் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. ரயிலில் கடல் மிக அருகில் விரிகிறது. சாலைப் பாலமோ உயரமானது என்பதால், அருகிலுள்ள ரயில் பாலத்தையும் அடியில் கடந்துபோகும் படகுகளையும் அங்கிருந்து நன்றாகக் காணலாம். வாகன நெரிசல் மிகுந்த அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதைத் தவிருங்கள்.

புதிய ரயில் பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல்களுக்கு வழிவிடுவதற்காகச் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. அது உயர்ந்திருக்கும்போது ரயில் காத்திருந்தாக வேண்டும். பலத்த காற்று வீசும்போதும் பாதுகாப்புக்காக ரயில்கள் நிறுத்தப்படலாம். குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் காலத்தில், திரும்பும் நாளிலேயே விமானத்தையோ வேறு ரயிலையோ பிடிக்கும்படி திட்டமிடாமல், ஓர் இரவு இடைவெளி விடுங்கள். ரயில் தாமதமானால் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டறிந்து பேருந்தில் மதுரைக்குப் புறப்படலாம்.